ஒரு மணி நேரச் சோதனை

எழிலரசி ஆறு மாதமாகக் காத்திருந்த வேலைக்கு இன்று மூன்று மணிக்கு நேர்காணல். கணினியின் பவர் சப்ளை ஓயாமல் இரைந்ததால், வாரன்டி முடியுமுன் அதைக் கழற்றிக்கொண்டு அவள் கணவன் வளவன் செங்கம் சாலைக் கடைக்கு வந்தான். நேர்காணலை அவள் வேங்கிக்கால் வீட்டிலிருந்து போனிலேயே பேசிக்கொள்வாள்.

கடைக்காரர் அதை மேசைமேல் ஓடவிட்டார். சத்தமே இல்லை.

“நல்லாத்தானே ஓடுது சார். ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் கம்பெனிக்கு எழுதணும்.”

எழிலரசி அழைத்தாள். “என்னங்க, இங்க கம்ப்யூட்டர் மறுபடி இரையுது. முன்னவிட ஜாஸ்தி.”

“பவர் சப்ளையைத்தான் நான் கழட்டிட்டு வந்துட்டேனே, பெட்டிதான் காலியா இருக்குதே?”

“திறந்து பாத்துட்டேன். காலிதான்.”

வளவன் மேசையிலிருந்த சுவிட்சை அணைத்தான்.

“நின்னுடுச்சுங்க,” என்றாள்.

மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

“டெஸ்ட் முடியலையே சார்,” என்று கடைக்காரர் சுவிட்சுக்குக் கை நீட்டினார். வளவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.