ஒரு வாய் காபி

“ஒரே ஒரு வாய்டி!” என்று கெஞ்சினான் கணவன்.

மனைவி தன் காபி டம்ளரைத் தள்ளி வைத்துக்கொண்டாள். “காரை வித்துப் பல்லு மேல வெள்ளையா வெனீர் தகடு ஒட்டியிருக்கீங்க. கறை படிஞ்சா யாரு பதில் சொல்றது? பேசாம பாலைக் குடிங்க.”

காபி, டீ, சிகரெட், பீட்ரூட் எல்லாவற்றுக்கும் வீட்டில் தடை. எதைத் தின்றாலும் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும். அவள் டார்ச் அடித்துப் பார்த்து, “ம், போகலாம்” என்று சொன்ன பிறகுதான் அவன் செருப்பையே மாட்ட முடியும்.

“இந்தச் சிரிப்பைப் பார்த்துத்தானே வேலையே கொடுத்தாங்க? அங்க யாரு எதை நீட்டினாலும் வாயில வெச்சுடாதீங்க!”

பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டுப் போனான்.

வேலைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்ததும், மேக்கப் போடும் பெண் அவன் வாயைத் திறக்கச் சொன்னாள். பழுப்புச் சாயத்தை பிரஷ்ஷில் தொட்டு, ஒரு பல் விடாமல் பூச ஆரம்பித்தாள்.

“நேத்து டைரக்டர்கிட்ட செம திட்டு சார். பிச்சைக்காரனுக்கு ஏது இவ்வளவு வெள்ளைப் பல்லுன்னு கேக்கறார்.”

வாயைப் பிளந்தபடியே அவன் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்தான்.

அவள் ஆவி பறக்கும் காபியை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு அலுத்துக்கொண்டாள்.

“தினமும் இதே ரோதனை. நீங்க கொஞ்சம் காபி குடிச்சுத்தான் பழகுங்களேன் சார்!”