மீனை மூடிய சோறு

இராஜதுரை மூன்றாவது தடவையும் சோறு போட்டான்.

"காணுமப்பா, போதும்! ஆறு வருசத்துச் சோற்றையும் ஒரு நேரத்திலையோ தாறியள்?" என்றாள் குகனேஸ்வரி.

ஊரிலிருந்து விமானத்தில் ரோம் வந்து, அங்கிருந்து ரயிலில் அவள் அன்று காலையில்தான் பலேர்மோவில் இறங்கினாள். கல்யாணமாகி மூன்றாம் மாதமே வேலைக்கென்று இங்கே வந்துவிட்ட கணவனின் அறையில் முதல் சாப்பாடு.

தட்டு ஜப்பான் பீங்கான். அவன் வேலை செய்யும் வீட்டு எசமானி, சின்யோரா, "உன் மனைவி முதலில் இதில் சாப்பிடட்டும்" என்று கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. விளிம்பெல்லாம் தாமரைக் கொடி. நடுவில் துள்ளும் இரண்டு சிவப்பு மீன்கள். வண்ணம் தடித்து நின்றது. தொட்டால் செதில் விரலில் தட்டுப்படும்.

அறையில் இருந்த கத்தரிக்காயையும் பருப்பையும் சமைத்து முடித்த பிறகுதான் இன்று வெள்ளிக்கிழமை என்பது அவனுக்கு உறைத்தது.

வெள்ளியில் மீன் வெட்டிய கத்தியைக்கூட அவள் தொடமாட்டாள். அறையில் வேறு இருந்தது அவனுடைய பழைய பிளாஸ்டிக் தட்டு மட்டும். வந்த அன்றே அவளை அதில் சாப்பிட வைக்க மனம் வரவில்லை.

அதனால் மீன்கள் தெரியாமல் சோற்றைக் குவித்தான்.

அவள் சாப்பிடச் சாப்பிட ஒரு வால் வெளியே வந்தது. கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றினான். மறுபக்கம் ஒரு தலை வந்தது. அவசரமாகப் பருப்பு.

அவளுடைய விரல்கள் நின்றன. சோற்றை மெல்ல ஒதுக்கினாள்.

ஒரு மீன் கண் விழித்துப் பார்த்தது.

"வெள்ளியெண்டதை மறந்துபோனன். வேற தட்டு எடுக்கட்டோ?" என்றான், குற்றவாளியைப் போல.

குகனேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள்.

"மீனைக் காட்டிப்போட்டுக் கத்தரிக்காய் போடுறியளே, இது நியாயமோ? சரி, இண்டைக்கு வெள்ளி, போகட்டும். நாளைக்கு உங்கடை அந்த வாள்மூக்கு மீனை வாங்கித் தாங்கோ. உங்களோடை ஒண்டா இருந்து சாப்பிடுற நாள் வரைக்கும் மச்சம் தொடமாட்டனெண்டு நேர்த்தி வைச்சனான். ஆறு வருசமா ஒரு நாளும் தொடேல்லை."

இராஜதுரை கரண்டியைக் கீழே வைத்தான்.

பல்லாறோ சந்தையில் வாங்கிய மீனைப் பற்றி அவன் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருந்தான்.

அவளும் ஒவ்வொரு பதிலிலும் கேட்டிருந்தாள், பொரித்தீர்களா, குழம்பு வைத்தீர்களா, புளி சரியாக இருந்ததா என்று.