புகைபோக்கி சொல்லாதது

மலைவீடு ஒன்றில் குளிர்காயப் புதிதாக இரும்புக் கணப்படுப்பு வைத்தார்கள். அதன் குழாய் சுவரைத் துளைத்துப் பழைய புகைபோக்கிக்குள் போய்ச் சேர்ந்தது.

அந்த வீட்டு எஸ்தர் பிள்ளை பெற்று ஒன்பது நாள். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாதென்று கதவு ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு, அவள் கணவன் அடுப்பை மூட்டினான்.

கொஞ்ச நேரத்தில் அடுப்புக்கு மூச்சு முட்டியது. “புகைபோக்கியாரே, நான் அனுப்புவதெல்லாம் திரும்பி வருகிறது. மேலே ஏதாவது அடைப்பா?”

புகைபோக்கிக்குள் காக்கை கூடு கட்டியிருந்தது. அதைச் சொல்ல அதற்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. “எழுபது வருஷமாக நிற்கிறேன். என்னிடமா கேட்கிறாய்? உன் வேலையைப் பார்.”

வெளியேற வழியில்லாமல், கண்ணுக்குத் தெரியாத விஷவாயு அறையில் பரவியது. தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை அடங்கிப்போனது.

“கதகதப்புல எப்படித் தூங்குது பாருங்க,” என்றாள் எஸ்தர், வலிக்கிற நெற்றியை அழுத்தியபடி.

அடுப்பு குழாயிடம் சொன்னது: “நான் இப்போது அசிங்கம் பண்ணப்போகிறேன்.”

“உன்னைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.”

“எறியட்டும்.”

அடிவயிற்றிலிருந்து கரும்புகையைக் கக்கியது. வெள்ளைச் சுவர் கறுத்தது.

“சனியனே!” எஸ்தர் இருமிக்கொண்டே எழுந்து கதவுகளைத் திறந்தாள். கணவன் கையில் ஈரச்சாக்கைச் சுற்றி, குழாயைப் பிடுங்கிவிட்டு, அடுப்பை வெளியே இழுத்துப் போய் மழையில் தள்ளினான்.

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. அதைக் கேட்டுக்கொண்டே அடுப்பு அணைந்தது.