ஒத்திகை நேர்காணல்

பயிற்சி மையத்தில் இருந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு பொற்கொடி அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கேயே பயிற்சியை மூன்று முறை முடித்தும் வேலை கிடைக்காதவள். கேள்விகளெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்பதால், ஒத்திகை நேர்காணலுக்கு அவளைத்தான் உட்காரவைப்பார்கள்.

அன்று காலையில்தான் சேர்ந்திருந்த செவ்வந்தி, எதிர் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

“இந்த வேலைய உங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்?”

“அம்மாவால இனிமே செங்கல் தூக்க முடியாது மேடம்.”

மையத்தில் சொல்லிக்கொடுக்கும் பதில் அதுவல்ல. ஆனாலும் பொற்கொடி சட்டென்று, “சரி, செலக்ட் ஆயிட்டீங்க” என்றாள்.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். செவ்வந்தி எழுந்து கண்ணீரோடு கும்பிட்டாள். “என்னைக்கு வேலைக்கு வரணும் மேடம்?”

கைதட்டல் நின்றது. பொற்கொடி திரும்பி, சுவர்க் காலண்டரைப் புரட்டி, வளர்பிறையில் ஒரு நல்ல நாள் தேடத் தொடங்கினாள்.