ஆறு மணிக்குள் ஒரு படம்

ஜெபசெல்வி ஸ்கூட்டியைச் சந்தில் திருப்பியதும் கதவுகள் சாத்திக்கொண்டன.

முதலில் ஒரு பச்சைக் கதவு. பிறகு அதற்கு எதிர்வீடு. வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி சட்டியோடு எழுந்து உள்ளே போனாள். பட்டப்பகல் மூன்றரை மணிக்குத் திரேஸ்புரத்தில் இப்படிக் கதவைச் சாத்துவது அவள் ஒருத்திக்குத்தான்.

இந்த மாவட்டத்தில் பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்த முதல் பெண் அவள். பத்தொன்பது வருஷம் ஆகிறது. மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் யாராவது கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள். நிலக்கரிக் குவியல் மேல் ஏறி நின்று எடுத்தது, தேரோட்டக் கூட்டத்தில் ஆண்களோடு இடிபட்டு எடுத்தது, எல்லாவற்றையும் மேடையில் சொல்வார்கள்.

அவளை எதற்காக வேலைக்கு எடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கடலில் ஒருவன் செத்தால் அவன் படம் பேப்பருக்கு வேண்டும். செய்தி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அதை வாங்கிவிட வேண்டும். சேர்ந்துவிட்டால் யார் எடுத்துக் கொடுப்பார்கள்? ஆம்பளை போனால் வாசலிலேயே சந்தேகப்பட்டு அடிக்க வருவார்கள். பொம்பளை போனால் உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவளுக்கு இது விளங்கிவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கைக்கு வந்த கேமராவை விட மனசு வரவில்லை.

இன்றைக்குப் பெனிஸ்டன். நாலு நாளைக்கு முன் ரோச் என்பவரின் படகில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத ஏழு பேரில் ஒருவன். மத்தியானம் மணப்பாட்டுக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது. சட்டையை வைத்து இவன்தான் என்கிறார்கள், வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை, ஆறு மணிக்குள் படம் வந்தாக வேண்டும் என்று செய்தி ஆசிரியர் சங்கரலிங்கம் போனில் சொன்னார். வாட்ஸ்அப்பில் தேடினால், பெனிஸ்டன் தன் முகத்துக்குப் பதிலாக அங்கே வைத்திருந்தது பனிமய மாதா படம்.

அவன் வீட்டுக் கதவு மட்டும் திறந்தே இருந்தது.

அவன் மனைவி ஈவாஞ்சலின் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாங்க என்று உட்காரச் சொல்லிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். விவரம் தெரியாத பிள்ளை என்று ஜெபசெல்வி நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டது அவளுக்கே பிடிக்கவில்லை.

தேடுவதற்காகக் கடலோரப் போலீசுக்கு ஒரு படம் வேண்டும் என்று, எப்போதும் சொல்லும் பொய்யைச் சொன்னாள்.

ஈவாஞ்சலின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பீரோவிலிருந்து ஆல்பத்தை எடுத்துப் புரட்டினாள். ஒன்றை உருவினாள், திரும்பச் செருகினாள், இன்னொன்றை உருவினாள். ஜெபசெல்வி மணியைப் பார்த்தாள். எந்த நிமிஷமும் யாராவது அழுதுகொண்டு வாசலில் வந்து நிற்கலாம். கடைசியில் ஒரு படம் கைக்கு வந்தது. நீலச் சட்டையில் பெனிஸ்டன், தலையை ஒழுங்காக வாரி, லேசாகச் சிரித்தபடி.

ஜெபசெல்வி அதை ஜன்னலோரக் கட்டிலில் வைத்தாள். வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. சற்றுச் சரித்து வைத்தாள். அவசரத்தில் கேமராவில் எடுத்த முதல் இரண்டும் கலங்கிவிட்டன. சந்தில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு எடுத்தாள். ஓடிவந்தவர் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

போன் அடித்தது. சங்கரலிங்கம்தான்.

அது பெனிஸ்டன் இல்லையாம். கரையில் கிடந்தது வேறு யாரோ. ஏழு பேரும் வேம்பார்ப் பக்கம் கரையேறிவிட்டார்கள், கடலோரப் போலீசாரிடம் இருக்கிறார்கள், பெனிஸ்டனிடம் நிருபரே பேசிவிட்டார். படத்தை விட்டுவிட்டு உடனே வேம்பாருக்குப் புறப்படு என்றார்.

ஜெபசெல்வி பேசாமல் கிளம்பியிருக்கலாம். சொன்ன பொய்யும் வெளியே வந்திருக்காது. ஆனால் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. உன் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

ஈவாஞ்சலின் கேமராவைப் பார்த்தாள்.

“நீங்க சந்துல திரும்பினப்பவே தெரியும்க்கா. பக்கத்து வீட்டு அண்ணன் செத்தப்ப ரேஷன் கார்டு படத்தப் போட்டிய, களவாணி மாதிரி இருந்துச்சு. இவுகளுக்காவது நல்ல படமா வரட்டும்னுதான் தேடி எடுத்துத் தந்தேன்.”

செத்துப்போன புருஷனுக்கு என்று நினைத்துக்கொண்டேதான் இந்தப் பெண் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியிருக்கிறாள். ஜெபசெல்வியோ மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தியமாக இருக்கிறார், வேண்டுமானால் நீயே ஆபீசில் பேசிப் பார் என்று போனை நீட்டினாள். ஈவாஞ்சலின் வாங்கவில்லை. தேடத்தான் படம் என்று சொன்ன வாய்தானே இதையும் சொல்லுது என்றாள். அவள் கண் கேமராவை விட்டு நகரவில்லை.

“நெசம்னா அத அழிங்க.”

படத்தை அழி என்று ஜெபசெல்வியை மிரட்டாத ஆள் கிடையாது. லத்தியை ஓங்கியிருக்கிறார்கள், நாலு பேராகச் சேர்ந்து கேமராவைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அவள் ஒன்றைக்கூட அழித்ததில்லை. பொம்பளைதானே, பயந்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அவ்வளவு வீம்பு.

கேமராவின் திரையை ஈவாஞ்சலின் பக்கம் திருப்பிக் காட்டினாள். கலங்கியிருந்த இரண்டையும் அழித்தாள். மூன்றாவதையும் அழித்தாள். நான்காவதில் பெனிஸ்டன் தெளிவாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்கும் விரலை அழுத்தினாள்.

ஒன்றுமில்லாத திரையை ஈவாஞ்சலின் குனிந்து பார்த்தாள். கட்டிலில் கிடந்த படத்தை எடுத்து ஆல்பத்தில் செருகினாள். பீரோவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் அவள் குரல் உடைந்தது.

“அவுக ஏதாவது சாப்பிட்டாவளாக்கா?”