கறுப்பு வயர்

முதலில் துரை கார் பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றினான்.

இஞ்சினைக் கழுவும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும். மெக்கானிக் போனில் இதை அழுத்திச் சொல்லியிருந்தார். இஞ்சின் சூடாக இருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அந்தக் கவலை இல்லை. அவன் மனைவி பிரிந்து போனதிலிருந்து வண்டி ஷெட்டை விட்டு நகரவே இல்லை.

வண்டி அவள் சீராகக் கொண்டுவந்தது.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தபடி சீரெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போனது. பீரோ போனது. கிரைண்டர் போனது. கட்டிலைப் பிரித்து டெம்போவில் ஏற்றினார்கள்.

எதற்கும் அவள் வரவில்லை. அவள் தம்பி தரணிதான் வந்தான்.

மிச்சம் இந்த வண்டி ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் இந்த வாசலுக்கு அவள் வர ஒரு காரணமும் இருக்காது.

காலையில் தரணி போனில் கூப்பிட்டிருந்தான்.

"மாமா, சாயங்காலமா வண்டிய எடுக்க வருவமுங்க. அக்காளே வந்தாலும் வருவா."

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்ட பிறகுதான் அவன் வாளியைத் தேடினான்.

"எண்ணெ கருகுற வாசம் வருதுங்க, ஒருக்கா தெறந்து பாருங்க" என்று அவள் சொல்லாத வாரம் இல்லை. பார்த்துக்கலாம் என்று அவன் சொல்லாத வாரமும் இல்லை. வண்டிக்கு மட்டுமா அந்தப் பதில்? அவளுடைய காய்ச்சலுக்கும் அதே பதில். அவள் அழுததற்கும் அதே பதில்.

இன்றைக்குத்தான் துரைக்குப் பொறுப்பு பொங்கி வழிந்தது.

தண்ணீர் படக்கூடாத இடங்களை மூட வேண்டும். ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர், காற்று இழுக்கும் குழாய்.

கட்டிலைத் தூக்கிய அன்று மெத்தைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவர்கள் சரிந்து விழுந்தன. ஜவுளிக்கடைக் கவர், பேக்கரிக் கவர், மருந்துக்கடைக் கவர். எதற்காவது ஆகும் என்று அவள் மடித்து மடித்துச் சேர்த்தவை. அவன் எறியாமல் வைத்திருந்தான். இப்போது அவற்றை அந்த இடங்களில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டான்.

தேய்க்கப் பழைய பிரஷ் ஒன்று வேண்டும்.

குளியலறைக் குவளையில் பல் துலக்கும் பிரஷ் இரண்டு இருந்தன. பழையது அவளுடையது.

அவன் தன்னுடைய புதியதை எடுத்தான்.

சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டான். இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தான். பீய்ச்சி அடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கழுவினான். அழுக்கு கறுப்பாக வழிந்தது.

இஞ்சின் மூடி ஓரத்தில் எண்ணெய் கசிந்து தார்போல் அப்பியிருந்தது. அவள் கை நீட்டிக் காட்டிய அதே இடம். அதையும் சுரண்டித் தேய்த்தெடுத்தான்.

கவர்களைப் பிரித்தான். துணியால் ஒற்றினான். வண்டியைத் தள்ளி வாசல் வெயிலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்தான்.

மதியத்துக்குள் எல்லாம் காய்ந்துவிட்டது. வயரை மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஸ்பேனரை எடுத்தான்.

மாட்டினால் அவள் வருவாள், சாவியைத் திருகுவாள், போய்விடுவாள். மாட்டாவிட்டால் கொஞ்ச நேரம் நிற்பாள்.

அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்கு வேண்டியிருந்தது. அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

தரணி வந்தால், மறந்துட்டேன் மாப்ள என்று ஒரு திருகில் மாட்டிக் கொடுத்துவிடலாம்.

பானெட்டைச் சாத்தினான்.

அவள்தான் வந்தாள். ஆட்டோவில், தனியாக. இளைத்திருந்தாள். வாசலிலேயே நின்று கையை நீட்டினாள்.

சாவியைக் கொடுத்தான்.

ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். சாவியைத் திருகினாள்.

சத்தம் இல்லை. ஒரு விளக்குகூட எரியவில்லை.

மறுபடி திருகினாள். பிறகு அவனைப் பார்க்காமலே இறங்கிவந்து பானெட்டைத் தூக்கினாள்.

அப்படியே நின்றாள்.

"ஆரு கழுவுனது?"

"நாந்தான்."

மூடி ஓரத்தை ஒரு விரலால் தடவினாள். விரலைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

கழன்று கிடந்த வயரையும் பார்த்தாள்.

"ஈரம் காயட்டும்னு கழட்டி வெச்சேன்" என்றான். சொல்லும்போதே காது சுட்டது. இஞ்சின் கருவாடாகக் காய்ந்து கிடந்தது. அவன் சட்டைப் பையில் ஸ்பேனர் துருத்திக்கொண்டு நின்றது.

அவள் அதற்கும் கையை நீட்டினாள்.

கொடுத்தான். கொடுக்காமல் என்ன செய்வது? இந்த வேலை அவளுக்கு ஒரு நிமிடம் ஆகாது. அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குனிந்தாள். வயரைத் தொட்டாள். பேட்டரியைத் தொட்டாள். உள்ளங்கையை இஞ்சின்மேல் வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள்.

"இன்னும் ஈரமாத்தான் இருக்குது" என்றாள்.

வயர் கிடந்தபடியே கிடந்தது. ஸ்பேனரைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பிறகு படி ஓரத்தில் செருப்பைக் கழற்றினாள்.