க்ளட்சில் வைத்த கால்

என் மனைவி கார் ஓட்டும்போது க்ளட்சிலிருந்து காலை எடுக்கவே மாட்டாள். "காலை எடு" என்று நான் சொல்லாத நாளில்லை. அந்தப் பழைய காரின் என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதனாலேயே ஒரு பக்கமாகத் தேய்ந்துபோனது.

அவள் இறந்த பிறகு காரை வாசலில் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. விற்க முடிவு செய்தேன். லேத் பட்டறை வைத்திருக்கும் அவள் அண்ணன், தேய்ந்த இடத்தில் உலோகம் ஏற்றிக் கடைந்து, புதிது போலாக்கி மாட்டிக் கொடுத்தார்.

வாங்க வந்தவர் என்ஜினைத் திறந்து காட்டச் சொன்னார். மச்சான் பெருமையாகக் காருக்கடியில் படுத்துக் கழற்றினார். வெளியே வந்ததும் வாங்க வந்தவரை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வண்டிய யாருக்குக் குடுத்தீங்க மாப்பிள்ளை?"

"யாருக்கும் குடுக்கல மச்சான். பேட்டரியே உங்க பட்டறையிலதான கெடக்கு."

"காதுல பூ சுத்தாதீங்க. ஷாஃப்ட் மறுபடி தேஞ்சிருக்கு. அதே இடம், அதே தேய்மானம். என் தங்கச்சி மாதிரியே க்ளட்ச மிதிக்க அதுக்குள்ள ஒருத்தியப் புடிச்சிட்டீங்களா?"

கருவிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார். இனி இந்த வீட்டுப் படியேற மாட்டார்.

காரை மூட உறையை எடுத்துப் போனேன். கண்ணாடி வழியே பார்த்தபோது க்ளட்ச் பெடல் பாதி இறங்கியிருந்தது. கதவைத் திறந்து, நான் வழக்கமாக உட்காரும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

"காலை எடு," என்றேன், பழக்கத்தில்.

பெடல் மெல்ல மேலே வந்து நின்றது. அவள் என் பேச்சைக் கேட்டது அந்த ஒருமுறைதான்.